மறுநாள் மாறன்

முப்பதாம் இதழின் கடைசிப் பக்க மூலையில்
எறும்பெழுத்தில் ஒரு கட்டம்:
சந்தா இருநூற்றுப் பன்னிரண்டு.
ஐந்நூறு இல்லாமல் அச்சு இயந்திரம் அசையாது.
அடுத்த இதழோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இருநூற்றுப் பன்னிரண்டில் ஐந்து பேர்
ஆரப்பாளையம் பருத்திப்பால் வண்டியருகே கூடினோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.
மாறன் பறப்பான். பாறையைப் புரட்டுவான்.
தீ அவனைச் சுடாது.
ஒரே கோளாறு,
எங்கே கிளம்பினாலும்
ஒருநாள் கழித்துத்தான் போய்ச் சேருவான்.
பாலம் விழுந்த மறுநாள்.
வெள்ளம் வடிந்த மறுநாள்.
வந்து,
சேற்றுக்குள் யாருடையதோ ரேஷன் அட்டையைத் தேடியெடுத்து
அலசி, வெயிலில் வைத்து
காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.
நான்கு பக்கம், வசனமே இல்லாமல்
அட்டை காயும்.

"அதாம்ப்பா வெளங்காமப் போச்சு" என்றான் ஒச்சப்பன்.
செக்கானூரணியில் கோழித்தீவனக் கடை அவனுக்கு.
"அட்டை காயுறதப் பாக்க நாப்பது ரூவா எவன் குடுப்பான்?
முப்பது புக்குல ஒருத்தனையாச்சும் அடிச்சானா?"
ஆனால் முப்பதும் அவனிடம்தான்
மடிப்புக் கலையாமல் இருக்கின்றன,
தவிட்டு வாசத்தோடு.

துளசிராம் கேட்டது வேறு.
"கடைசி புக்குலயாவது நேரத்துக்கு வரட்டும்ணே.
புள்ள கெணத்துல விழுறதுக்கு முன்னாடி.
ஒரே ஒரு தடவை."
அவன் தங்கை விஷயம் எங்களுக்குத் தெரியும்.
கொஞ்ச நேரம்
டம்ளர்களில் பால் ஆடைகட்டியது.

அமலோற்பவம் அக்காதான் பேசினாள்,
பெரியாஸ்பத்திரி இரவுப்பணி முடிந்த கண்களோடு:
"நேரத்துக்கு வர்றவங்கள நெறையப் பாத்துட்டேன் தம்பி.
கட்டுப் போட்டதும் போயிருவாங்க.
மறுநாள் காலைல
வார்டுல யாரு இருக்கா?"

சண்டை அதோடு தீரவில்லை.
ஷம்சுதீன் பாய் நடுவில் புகுந்து
ஆளுக்குப் பத்துச் சந்தா கட்டலாம் என்றார்.
தன் வீட்டில் ஆடு உட்பட ஒன்பது பெயர் தேறும்.
மிச்சம் இருநூற்று எழுபத்தொன்பதுக்கு
விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்து
விட்டுவிட்டார்.

நான் எதிலும் சேரவில்லை.
இதழ்தோறும் ஆசிரியருக்கு
எழுத்துப்பிழைப் பட்டியல் அனுப்புகிறவள் நான்.
எனக்கு மாறனைவிட அவன் செருப்பைப் பிடிக்கும்.
வலதுகால் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருக்கும்.
மேகத்துக்கு மேலே
கடுகளவாய் அவன் பறக்கும் படத்திலும்
அந்த ஊக்கை வரைய மறந்ததில்லை.

சனிக்கிழமை சிம்மக்கல் போனோம்.
சந்துக்குள் அச்சகம் திறந்துதான் கிடந்தது.
இயந்திரம் இருந்த இடத்தில்
எண்ணெய்க் கறை, நான்கு துளை,
நடுவே ஒரு மை டப்பாவைக் கவிழ்த்து
ஆசிரியர் உட்கார்ந்திருந்தார்.
"சிவகாசிக்காரங்க ஏத்திட்டுப் போயிட்டாங்க.
நேத்தே வந்திருக்கலாம்ல?"

முதலில் சிரித்தவன் ஒச்சப்பன்.
பிறகு அவராலும் அடக்க முடியவில்லை.
நான் அவர் காலைப் பார்த்தேன்.
சாதாரண கறுப்பு ஷூ, புதுசு.

துளசிராம் மட்டும் சிரிக்காமல் கேட்டான்,
கடைசிக் கதையில் அவன் நேரத்துக்கு வருகிறானா என்று.
"வரைஞ்சு பாத்தேன் தம்பி" என்றார்.
"ரெண்டு மாசம். பென்சில்லயே நிக்குது.
நேரத்துக்கு வந்துட்டு
என்ன செய்றதுன்னு அவனுக்குத் தெரியல."
துளசிராம் தலையாட்டினான்.
ஒப்புக்கொண்டானா, தெரியாது.

வெளியே மணல் லாரி ஒன்று
பின்னால் வர இடமில்லாமல் கத்திக்கொண்டிருந்தது.
ஒச்சப்பன் நான்கு பத்து ரூபாய்த் தாள்களை
நீவி நீட்டினான்.
முப்பத்தோராவது இதழே இல்லை என்றார் அவர்.
"அது எனக்குத் தெரியாதா?
இது அதுக்கு அடுத்ததுக்கு."

ரசீதுப் புத்தகம் எங்கேயோ இருந்தது.
தேடினார். ஷம்சுதீன் பாய் பேனா கொடுத்தார்.
'முப்பத்திரெண்டாம் இதல்' என்று எழுதி
கையெழுத்திட்டார்.
ஒரு வரியில் இரண்டு பிழை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.