கண்ணாடியை ஏற்றுங்கள்

யூமாவில் ஜூலை.
ஸ்டியரிங்கைத் தொட்டால் கை பொத்துப்போகும்.
பெல்ட்டின் கொக்கி தொடையில் முத்திரை குத்தும்.
இந்த ஊரில் நான் நிழல் விற்கிறவன்.
சோப்புத் தண்ணீர், பிளேடு, ரப்பர் பட்டை,
சூடு ஊதும் ஒரு மெஷின்,
இவ்வளவுதான் என் முதலீடு.
நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
என் கடையில் அது ரசீதில் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, மணி நான்கு.
அறுவடை முடிந்து வெறுமனே கிடக்கும்
லெட்டூஸ் வயல்களை ஒட்டிய சாலையில்
எனக்குப் பின்னால் சிவப்பும் நீலமும் சுழன்றன.
ஓரங்கட்டினேன்.
வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வதுதான்:
எஞ்சினை நிறுத்து. நான்கு கண்ணாடியையும் இறக்கு.
பகலானாலும் உள்விளக்கைப் போடு.
கை இரண்டும் வளையத்தின் மேல், விரல் விரித்து,
கடையில் பரப்பிய மீன் மாதிரி.
பர்ஸ் எங்கே இருக்கிறதென்று முதலில் வாயால் சொல்,
பிறகு கையால் தேடு.

நான்கும் கதவுக்குள் இறங்கின.
வெயில் ஏறி உட்கார்ந்தது,
கேட்காமல், பின்சீட்டிலும்.

அவள் வந்தாள். சட்டையில் டன்லீவி என்று பெயர்.
மூக்குநுனியில் தோல் உரிந்திருந்தது.
இடது கை
வலது கைக்கு மூத்ததாய்த் தெரிந்தது.
இங்கே வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் அப்படித்தான்.
கண்ணாடி ரொம்பக் கறுப்பு, என்றாள்.
எந்தக் கண்ணாடி என்று கேட்க நாக்கு துடித்தது.
எங்கள் இருவருக்கும் நடுவே அப்போது
ஒன்றுமே இல்லை.

"கண்ணாடியை ஏற்றுங்கள். அளக்கவேண்டும்."

பயம் இறக்கச் சொன்னதைச்
சட்டம் ஏற்றச் சொல்கிறது.
இடது கையை மெல்ல, மிக மெல்ல
பட்டனை நோக்கி நகர்த்தினேன்,
நகர்த்துவதை வாயாலும் அறிவித்துக்கொண்டே,
விமானம் தரையிறங்கப்போவதைச் சொல்வார்களே, அந்தக் குரலில்.

சோப்புக்கட்டி அளவு மீட்டர்
விளிம்பைக் கவ்வியது.
இருபத்தேழு.
முப்பத்து மூன்றாவது இருக்கவேண்டும், என்றாள்.
முப்பத்தைந்து பிலிம்தான், என்றேன்.
"யார் ஒட்டியது?"
"நான்தான்."
"எங்கே?"
"என் கடையில்."
அவள் சிரிக்கவில்லை. பேனா மட்டும் ஒரு நொடி நின்றது.

கணக்கு எனக்குத் தெரியும், வெட்கமே அதுதான்.
ஆலையிலிருந்து வரும்போதே இந்தக் கண்ணாடி
நூற்றுக்கு எழுபத்தெட்டுதான் உள்ளே விடும்.
மீதியைத் தடுத்துக்கொள்ளும்.
எழுபத்தெட்டில் நூற்றுக்கு முப்பத்தைந்து
இருபத்தேழு.
தெளிவு, தெளிவு என்று
துடைத்துத் துடைத்து வைக்கிறோமே,
அதற்குள்ளும் இருபத்திரண்டு பங்கு இருட்டு.
அதற்கு யாரும் அபராதம் எழுதுவதில்லை.

லைசென்ஸைப் பார்த்தே என் பெயரை எழுதினாள்.
பார்த்தும் ஓர் எழுத்து விட்டுப்போனது.
திருத்தச் சொல்லவில்லை.
வீட்டுக்குப் போகவேண்டும் எனக்கு.

மறுநாள் காலை கடை வாசலில்
அம்மோனியாவைத் தெளித்து, குப்பைப் பையைப் போர்த்தி,
என் வண்டியை நானே உரித்தேன்.
ஊருக்கெல்லாம் ஒட்டிய கை
தன்னுடையதை உரிக்கும்போது தடுமாறுகிறது.
பிலிம் வந்துவிட்டது, பசை வரவில்லை.
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது
பக்கத்து டயர்க் கடை லியாந்த்ரோ வந்து நின்றான்.
"உனக்குமா?" என்றான்.
பிறகு திரும்பித் தன் வண்டியைப் பார்த்தான்.
அதுவும் நான் ஒட்டியது.

வெள்ளிக்கிழமை, நான்காவது அவென்யூ சிக்னல்.
பக்கத்தில் வந்து நின்றது அவள் வண்டி,
பின்கண்ணாடி என் பழைய கறுப்பைவிடக் கறுப்பாய்.
அவள் திரும்பினாள்.
இந்த வண்டிக்குள்ளிருந்து முதல்முறையாக என் முகம்
முழுதாக,
இல்லை, எழுபத்தெட்டு பங்கு,
வெளியே தெரிந்தது.
இடது கையைத் தூக்கினேன், அதற்குள் சிவந்திருந்த கையை.

யாரோ என்று பார்த்தாள்.
பச்சை விழுந்தது.