முதல் பாகம் எங்களிடம் இல்லை

இரண்டாம் பாகத்திலிருந்துதான் எங்களுக்குக் கதை.
பெரியம்மா மகன் விட்டுப்போன அரசாங்க லேப்டாப்பில்
அவன் அழிக்க மறந்தது அது ஒன்றுதான்.
ஆகவே அந்தப் பையன் எதற்காக ஓடுகிறான்,
கழுத்தோடு சேர்த்து மணியைத் தைத்தது யார்,
ஒன்றும் தெரியாது.
தம்பி நிரோஷன் அவனை மணிப்பய என்பான்.

மணிப்பய ஒரு நாற்காலிக்கால் உயரம்.
தாழ்ப்பாள்கள் எல்லாம் வானத்தில்.
பெட்டியைத் தள்ளு, ஏறு, எம்பு, தொங்கு.
அசைந்தால் மணி அடிக்கும்.
சமையற்கட்டில் ஒருத்தி இருக்கிறாள்,
எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் முதுகுதான் தெரியும்.
மணி கேட்டால் திரும்புவாள்.
திரும்பியதும் திரை கறுத்துவிடும்,
அவள் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.
மணியைக் கைக்குள் பொத்தலாம்,
பொத்தினால் மிச்சம் ஒரு கை,
ஒரு கையால் தாழ்ப்பாளை எட்ட முடியாது.
அறுபத்தெட்டு தடவை செத்திருந்தோம்.

ஐப்பசி. கோத்தகிரிக்குக் கீழே எங்கள் லைன் வீடு.
அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட்,
காற்றில் இலை வாடும் வாசனை வந்துகொண்டிருந்தது.
ஒன்பதரைக்கு டீ நேரம், அப்போது கூப்பிடுவாள்.
ஒன்பது இருபதுக்குப் பின்கதவுப் பலகை பெயர்ந்தது.

கரடி எங்களுக்குப் புதிதில்லை.
மாரியம்மன் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும்,
பேக்கரி ஷட்டரை வளைக்கும்.
ஆனால் அதெல்லாம் காலையில் கேட்கும் செய்தி.
இப்போது எங்கள் ரேஷன் பாமாயிலை
ஒரு நாக்கு நக்கிக்கொண்டிருந்தது,
நடுவில் ஒரு சேலைத்திரை மட்டும்.

லேப்டாப்பை மூடினேன்.
மணிப்பய உள்ளே அந்தரத்தில் தொங்கியபடி.

என் கையில் போன்.
ஊமையாக்க மெனுவுக்குள் மெனுவுக்குள் போக வேண்டும்,
ஒவ்வொரு பட்டனுக்கும் கீச்.
பேட்டரியைக் கழற்றலாமென்றால்
உடைந்த மூடியைச் சுற்றி செல்லோடேப்,
பிரித்தால் பறபறவென்று கிழியும்.
முன்கதவின் மேல்தாழ்ப்பாள் அம்மா உயரம்.
துருப்பிடித்தது, இரண்டு கையும் வேண்டும் அதற்கு.

நிரோஷன் என்னைப் பார்த்தான்.
குல்லாவைக் கழற்றினான்.
போனை வாங்கிக் குல்லாவில் திணித்து,
ஸ்வெட்டருக்குள் செருகி,
அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.

நான் டிரங்குப் பெட்டியைத் தள்ளினேன்,
ஒரு தள்ளு, ஒரு நக்கல் சத்தம்,
இன்னொரு தள்ளு.
ஏறினேன்.
தாழ்ப்பாள் பாதி வந்தபோது
அவன் வயிற்றுக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

நக்கல் நின்றது.

எவ்வளவு நேரம் என்று இப்போதும் சொல்லத் தெரியாது.
அம்மா வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டாள்.
தம்பி காலை மடக்கி, தலையைப் புதைத்து
இன்னும் சின்னவனானான்,
மூட்டையாக, பிறகு கல்லாக.
அப்புறம் தட்டு உருண்டது. நக்கல் மறுபடி.

தேயிலைக்குள் பாதி வழியில்
டார்ச் வெளிச்சத்தில் மோதிக்கொண்டோம்.
எடுக்காத போனுக்கு இரண்டு தடவைக்கு மேல் அவள் நிற்கவில்லை.
பின்னால் போஜண்ணன், நாலைந்து பேர், தகர டின்கள்.
தம்பி ஸ்வெட்டருக்குள் மூன்றாம் தடவை அடித்தது,
போஜண்ணனிடமிருந்துதான்,
அவருக்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

விடிந்து பார்த்தால்
சிமெண்ட் தரையெங்கும் எண்ணெய்க் கால்கள்.
ஐந்து விரல், குதிகால்,
யாரோ பெரிய ஆள் வெறுங்காலோடு
வந்து தேடிப் போனது மாதிரி.
தடங்கள் சேலைத்திரை வரைக்கும் வந்திருந்தன.
அங்கே இரண்டு பாதமும் சேர்ந்து
ஒரே இடத்தில்.

"இந்த கேமில் ஏங்க்கா
யாருமே போன் பண்ண மாட்டேங்குறாங்க?"
முதல் பாகத்தில் பண்ணியிருப்பார்கள் என்றேன்.

அம்மா குத்துக்காலிட்டுச்
சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
ராத்திரியிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.
முதுகு மட்டும்.
நாங்கள் வாசற்படியில் அசையாமல் நின்றோம்.

திரும்பினாள்.
"நேத்து சாப்பிட்டீங்களா, இல்லையா?"