கோரம்

ஃபோர்ஃபர். நவம்பர்.
கிடங்கில் ஒரு கிழங்கை எடுத்து
மோந்து பார்க்கிறாள் இஷ்பெல் ரட்டர்.
ஒன்றுமில்லை.

தோலின் துளைக்குள்
ஒற்றைப் பாக்டீரியா
ஒரு துளி மூலக்கூறைக் கசியவிடுகிறது:
நான் இருக்கேன், வேற யாரு?

பதில் வராதவரை பரம சாது.
தனியாய்க் கடித்தால்
கிழங்கு விழித்துக்கொள்ளும்.

பத்து, ஆயிரம், கோடி.
கேள்வியே பதிலாகத் தடித்துப்போய்
கோரம் சேர்ந்துவிட்டால்
அப்புறம் கோரம்தான்.
ஒரே ராத்திரியில் சுவரெல்லாம் கூழ்.

நாங்கள் எதையும் கொல்லவில்லை.
அந்தப் பேச்சைத் தின்று பிழைக்கும்
வேறொரு பாக்டீரியாவை
அக்டோபரிலேயே தெளித்துவிட்டோம்.
உள்ளே பெருங்கூட்டம் இருக்கலாம்,
ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் என்று.

“ஏழாவது வரிசை பார்த்தியா?” என்கிறாள்.
போகிறேன்.
பூட்ஸ் வழுக்குகிறது.