மூன்று சதவீதம் ஈரம்

ஆடி பிறந்து பதினோரு நாள்.
கட்டபெட்டுக்கு மேலே வெயில் என்பது
யாரோ கோவையிலிருந்து போனில் சொல்லும் சங்கதி.

அரைக் கிலோ சீயக்காய்,
கால் கிலோ பூந்திக்கொட்டை.
மேட்டுப்பாளையத்தில் மொடமொடவென்று வாங்கியது
மலை ஏறுவதற்குள் நமத்துவிட்டது.
ஒடித்தால் சத்தமில்லை.
வளைந்து கொடுக்கிறது,
எங்கள் சங்கத் தலைவர் மாதிரி.

கடைப் பாக்கெட்டையும் ஊற்றிப் பார்த்தாயிற்று.
ஒரு ரூபாய்க்கு நல்ல நுரைதான்.
நுரை போன பிறகு அரிப்பு.
எட்டு மணி நேரம் படங்குக்குள் வேகிற தலை,
உச்சிக்குக் குறுக்கே கூடைக் கயிறு.
கயிறு உட்காரும் இடத்தில் முடி
இரண்டு விரல் அகலத்துக்குப்
பாதை விட்டிருக்கிறது.
அதில் யார் நடந்து போகிறார்கள் என்று
எனக்குத் தெரியாது.

அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன்.
பூசணம் பிடித்தது,
பிள்ளைக்குப் பவுடர் போட்ட மாதிரி வெள்ளையாக.
குணபாலன் பார்த்தான்.
ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது
சோற்றுத் தூக்கோடு
அந்தத் துணிமூட்டையையும் எடுத்துக்கொண்டான்.
எங்கே என்று கேட்கவில்லை.
டிரையரில் வேலை பார்க்கிறவன் கையில்
இந்த மழையிலும் ஒரு வெயில் உண்டு.

மூன்று ராத்திரி.
காய்ந்தால் சீயக்காய் பேசும் என்றான்,
காதருகே ஆட்டினால்
உள்ளே விதை குலுங்குமாம்.
இரண்டு மணிக்கு ஒரு தடவை
ஆட்டிப் பார்த்தானாம்.

நான்காம் நாள் காலை
டீமேக்கர் பெள்ளிராஜ்
வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து
உறிஞ்சினார், துப்பினார், உறிஞ்சினார்,
ஆறாவது கோப்பையில் நின்றார்.
'யாருய்யா என் தேயிலையில
தலைக்குக் குளிச்சது?'

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது
அவன் சிரிக்கவில்லை. நானும்.
அந்த லாட் பதினெட்டு மூட்டை.
சம்பளத்தில் பிடித்தால் எத்தனை மாதம் என்று
வெந்தயம் அளந்துகொண்டே கணக்குப் போட்டேன்.
வெந்தயம் இரண்டு கரண்டி கூடிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மூட்டை திரும்பி வந்தது.
கொட்டை நீக்கி, காம்பு பொறுக்கி, இடித்து,
தேயிலைச் சல்லடையில் சலித்து
மூன்று பொட்டலம்.
கூடவே தொழிற்சாலைத் துண்டுச்சீட்டு:
ஈரம் மூன்று சதவீதம்.
தூள் ஒன்று. தூள் இரண்டு. கழிவு.
அடியில், சின்ன எழுத்தில்:
இனி ஞாயிற்றுக்கிழமை, டிரையர் ஆறுகிற நேரத்தில் மட்டும்.
எங்கள் வீட்டுக்கும் ஒரு பாட்டில்.
கையெழுத்து இல்லை.
பதினெட்டு மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.
அது எந்த ஊர்க் கடையில்
யார் கிளாசில் நுரைத்ததோ.

தூள் ஒன்றை ஊறப் போட்டேன்.
வேலியோரச் செம்பருத்தி இலை ஒரு கைப்பிடி,
கசக்கினால் வழவழவென்று
விரலை விடாத இலை.
கூடிப்போன வெந்தயமும் அதிலேயே.
சிறுதீ. பொங்கப் பொங்க ஊதினேன்.
வடிகட்டி ஆற வைத்தால்
பார்க்க அசல் தேத்தண்ணி.
பக்கத்து லயன் ஸ்டெல்லாபுஷ்பம்
டம்ளரைக் கையில் எடுத்துவிட்டாள்,
சர்க்கரை எங்கே என்று கேட்டாள்.

பெரிய நுரை ஒன்றும் வரவில்லை.
கண்ணில் பட்டு எரிந்தது.
உதட்டில் பட்டுக் கசந்தது.
அரிப்பு போனதா என்றால்
திங்கள்கிழமை வரைக்கும் போனது.

முடி காயவில்லை. எப்படிக் காயும்.
அவனிடம் கொடுத்தனுப்ப முடிகிற பொருளா அது.
ஈரத்தோடு கூடையை ஏற்றினேன்.
கயிறு தன் பாதைக்குப் போய் உட்கார்ந்தது,
வழுக்கிற்று,
இத்தனை வருஷத்தில் முதல் தடவை.
இழுத்து மறுபடி வைத்தேன்.
மறுபடி வழுக்கிற்று.
எதிர் நிரையிலிருந்து ஸ்டெல்லா
மூக்கை உறிஞ்சினாள்,
'என்னடி, காலையிலேயே ரசம் வச்சியா?'

மழை பிடித்துக்கொண்டது.