பத்து எண்ணும்வரை

சுங்கை சிப்புட். மலாயில், நத்தை ஆறு.
பிறந்ததிலிருந்து சொல்லும் பெயர்,
ஒருநாளும் யோசித்ததில்லை.

செம்பனை நிரைகளில் மேய்ந்த செவலை
ஆறு மாதமாய் எலும்பைத்தான் வளர்த்தது.
தவிடு, புண்ணாக்கு, கடன் வாங்கிய தீவனம்,
எல்லாம் தின்றது. எதுவும் ஒட்டவில்லை.
"கண்ணு பட்டிருச்சுக்கா" என்றார் லாரிக்கார வேலப்பன்,
விலையைக் குறைத்துக்கொண்டே.

அறுத்த பின்
கால்நடை இலாகா ஹஸ்லினா
கையுறையில் ஏந்திக் காட்டினாள்:
கணையம்.
கயிறாய்த் தடித்த குழாயை அமுக்கினாள்.
பூசணி விதையளவு, சிவப்பு,
தட்டைப்புழுக்கள் பிதுங்கி வந்தன.

நத்தைக்குள் வளர்ந்து
அதன் கோழையோடு புல்லில் ஒட்டி
வெட்டுக்கிளி தின்று
வெட்டுக்கிளியோடு புல்லைச் செவலை தின்று.
சாறு சுரந்த சதை நாராகிவிட்டதாம்.
வயிறு நிறைந்தும் பட்டினி.

"மாட்டுக்கும் இனிப்பு நீர் வருமா?"
அவள் சிரிக்கவில்லை.
"சிலதுக்கு வரலாம். யார் சோதிக்கிறார்கள்?"

இரவு
ஐஸ்பெட்டிக் கதவில் பச்சை மிளகாய்க்குப் பக்கத்திலிருந்து
இன்சுலின் பேனாவை எடுத்தேன்.
வயிற்றில் குத்தி
பத்து எண்ணும்வரை உருவக் கூடாது.

ஏழு எண்ணுகையில் கேட்டது:
கொட்டகை இருட்டில்
மற்ற இரண்டும்
மென்றுகொண்டிருந்தன.