கால் மைல்

பாக்கி அறுநூற்றைம்பது ரூபாய்க்கு ஈடாக
ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார்
கூத்தாநல்லூர் ஜபருல்லா,
மேல்செட்டும் கீழ்செட்டும் பொருந்திய சந்தோஷத்தில்
ஸ, ஷ எல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே.

பினாங்கில் வாங்கியதாம், எழுபத்திமூன்றில்.
மூடியில் ஒரு கார், முன்சக்கரம் இரண்டும் தரையில் படாமல்.
உள்ளே கார் இல்லை.
சட்டத்தில் பிஞ்சுபோலத் தொங்கும்
நூற்றுப் பதினாறு துண்டுகள் என்றது தாள்.
எண்ணினேன். நூற்றுப் பதினைந்து.
பின்டயர் ஒன்று காணோம்.

நான் பல் கட்டுகிறவள்.
பந்தலடியில், உரக்கடை மாடியில்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
அதே டிரில், அதே மெழுகு, அதே விளக்கு.

தாளில் சொன்னபடி ஒட்டினால்
கடைத்தெருவுக்குப் போகிற கார்தான் வரும்.
எனக்கு வேண்டியது வேறு,
போனில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேனே, அது:
கால் மைல், ஏழு நொடி,
பிறகு முதுகில் பாராசூட் விரிந்தால்தான் நிற்கும்.
வளைக்கத் தெரியாது. வளைக்கத் தேவையுமில்லை.

அதனால் பின்சக்கரக் குழியை அகலமாய் அறுத்தேன்.
பின்சீட்டைத் தூக்கி எறிந்தேன்.
வெளிச்சம் ஊடுருவும்வரை கதவைச் சுரண்டினேன்.
ஓட்டுகிறவனைச் சுற்றிய கூண்டுக்கு
பல்லைக் கவ்வும் எஃகுக் கம்பி.
எட்டு ஸ்பார்க் பிளக்குக்கு வயர் வேண்டி
சாரங்கன் ரீவைண்டிங் கடைக்குப் போனேன்.
எரிந்த பம்புசெட் மோட்டாரிலிருந்து
ஒரு முழம் தாமிரம் உருவிக்கொண்டே கேட்டான்:
எத்தனை எச்.பி.க்கா?
ஆயிரத்து ஐந்நூறு.
அஞ்சு எச்.பி.யில மூணு போகம் எறச்சிருக்கோம், என்றான்,
காசு வாங்கவில்லை.

டயர் மூன்று வாரம் தின்றது.
குக்கர் காஸ்கெட். ரப்பர் செருப்பின் குதிகால். ரெண்டும் அசிங்கம்.
அப்புறம்தான் உறைத்தது:
இருக்கிற பல்லை அச்செடுத்து
இல்லாத பல்லைச் செய்கிறவள் நான்.
ஈறு உறுத்தாமலிருக்க அடியில் வைக்கும் மெத்துப்பொருளில்
விளக்குக்கரியைக் குழைத்து ஊற்றினேன்.
இப்போது எது பழையது என்று எனக்கே தெரியாது.

பானட்டின் உள்பக்கம், காய்ந்த பசையில்
ஒரு கட்டைவிரல் ரேகை.
இருபத்திரண்டு வயது இருந்திருக்கும் அந்த விரலுக்கு.
எஞ்சின் மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.
ரேகை இருந்த இடத்தில்தான் துளை.
துளைத்தேன்.

ஐப்பசியில் பெயிண்ட் பால்பூத்துப் போயிற்று.
துடைத்தேன். கார்த்திகையிலும் பூத்தது.
தை வெயிலில் அடித்த நிறம்
கீழே உரக்கடை வாசலில் சிந்திக்கிடக்கும் பொட்டாஷ்:
செங்கல்லும் இல்லை, ரோஜாவும் இல்லை.

இந்தப் பக்கம் கால் மைல் நேர்ரோடு தேடிப் பார்த்தேன், சும்மா, ஸ்கூட்டியில்.
பாமணி ஆறு திரும்பினால் ரோடும் திரும்புகிறது.
வாய்க்கால் குறுக்கே வந்தால் மதகில் ஏறி இறங்குகிறது.
ஆனால் என் கார் இருபத்தைந்தில் ஒன்று.
அதன் கால் மைல் பதினாறு மீட்டர்.
என் மேசையிலிருந்து வராந்தா வழியாக
டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசல்வரை, டேப் வைத்து அளந்து
இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டேன்.
காலையில் பிள்ளைகள் அதில் பாண்டி ஆடினார்கள்.

மாசியில் ஜபருல்லா வந்தார். கீழ்செட்டு கடிக்கிறதாம்.
மேசையில் அதைப் பார்த்தார். அடையாளம் தெரிய நேரமாயிற்று.
ஓடுமா தங்கச்சி?
ஓடாது.
குடைத்துணி பாராசூட்டைச் சுண்டுவிரலால் தொட்டார்.
அப்ப நிறுத்துறதுக்கு இது எதுக்கு?

வாயைத் திறங்க, என்றேன்.

இடப்பக்கம் நெல்லளவு புண். தேய்த்துக் கொடுத்தேன்.
ஸ, என்றார். ஷ, என்றார். சரியாக இருந்தது.
வராந்தாவில் நின்று
அந்தக் கடைசி வாசல்வரை ஒருமுறை பார்த்தார்.
பிறகு கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போனார்.