பதின்மூன்று அம்பியர்

குவைத்திலிருந்து அமராவதி கொண்டுவந்த ரைஸ் குக்கருக்கு
மூன்று சதுரக் கால்.
மேட்டு லயத்து எட்டாம் காம்பராச் சுவரில்
மூன்று உருண்டை ஓட்டை.
ஆறு வருசச் சம்பளத்தில் ஒரு துண்டு
பலகைமேல் உட்கார்ந்து
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னைக் கூப்பிட்டாள்.
நான் பகலில் ஸ்டோர் மோட்டாருக்கு கிரீஸ் வைக்கிறவன்,
அந்தியில் லயத்துக்கு வயர்மேன்,
திருவிழா வந்தால் சீரியல் பல்பு.
"வெட்டிட்டு உருண்ட பிளக் பூட்டவா?"
"வெட்டிப்புடாதீங்க" என்றாள்,
"அங்க எல்லாச் செவரும் இதத்தான் கேட்டுச்சு."

சுவர்கள் கேட்பது எனக்கும் கொஞ்சம் தெரியும்.
பங்களாவில் பழைய வயரிங் பிடுங்கிய வாரம்
ஈய உறைக்குள் செத்த கம்பி,
தேக்குக் கட்டையில் பீங்கான் கிண்ணம், இரண்டே ஓட்டை.
ஆறு சக்கரத்தில் விழுந்து
ஸ்டோருக்குப் போக மிஞ்சிய கரண்ட்
இரவு பத்து மணி வரை துரைக்கு எரிந்த காலத்தது.
அதற்குப் பக்கத்தில்
கறுப்பு பேக்லைட்டில் ஐந்து அம்பியர்.
குளியலறை வெந்நீருக்குக்
கட்டைவிரல் தடிப்பில் பதினைந்து.
மேசை விளக்குக்கென்று
பால்பல் மாதிரி இரண்டு.
ஒரே வீட்டுக்குள் நாலு சாதி.
ஒன்றின் கால் இன்னொன்றின் வாசலில் நுழையாது.

அந்தக் கம்பி
எங்கள் தகரத்துக்கு மேலால்தான் போனது,
எழுபது வருசம்
இறங்காமல்.

இறங்கிய வருசம்
காம்பராவுக்கு ஒரு பல்பு, ஒரு பிளக் பேஸ்.
பிளக் வாங்கக் காசில்லாதவன்
வயர் நுனியைப் பல்லால் சீவி ஓட்டைக்குள் விட்டு
தீக்குச்சியால் இறுக்கினான்.
ரேடியோ ஒன்றும் கேட்கவில்லை, பாடியது.
பல்பு ஹோல்டரில் இரட்டை அடாப்டர்,
ஒரு வாயில் வெளிச்சம், மறு வாயில் அயன்.
சட்டை தேய்க்கத் தேய்க்க
வீடே நிழலில் ஆடும்.

பொகவந்தலாவை டவுனில் நிஸ்தார் நானா
வெள்ளைக் கட்டியொன்று எடுத்துத் தந்தார்.
"எந்தக் காலும் போகும். உத்தரவாதம் மட்டும் கேக்காத."
மூன்றாம் நாள் அது உருகியது.
சோற்றில் பிளாஸ்டிக் வாசம்.
அமராவதி குக்கரைக் கழுவித் துடைத்து
பருப்பு போட்டு மூடி வைத்தாள்.

கொழும்பில் யார் யாரோ கூடி
நாடு முழுக்க இனி சதுரக் கால் என்றார்கள்.
நானா கடையில் உருண்டை பிளக்குகள்
பிஸ்கட் டின்னுக்குள் இறங்கின. கிலோக் கணக்கு.
புது பேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு
எட்டாம் காம்பராவுக்குப் போனேன்.

பழைய மூடியைக் கழற்றினால்
இரண்டு ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருந்தது.
மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால்
நாலு விரல் பச்சை வயர்,
வெட்டி, மடித்து,
எங்கும் போகாமல்.
ஏழில் பார்த்தேன். ஒன்பதில் பார்த்தேன்.
பன்னிரண்டு காம்பராவிலும் அதே நாலு விரல்.

"இது எங்க போகணும்?"
"மண்ணுக்கு."
"யாரு மண்ணுக்கு?"
டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டேன்.

நாலடி செப்புக் கம்பி அடிக்க ஓபிசில் கேட்டேன்.
தோட்டத்து நிலத்தில் குழி தோண்டுவதென்றால்
கடிதம் வேண்டுமாம்,
கொம்பனிக்குப் போய் வரவேண்டுமாம்.
அன்றிரவு மழை.
சத்தம் அமுங்கட்டும் என்று சுத்தியலுக்குச் சாக்குச் சுற்றி
விறகு அடுக்குகிற மூலையில் அடித்தேன்.
அமராவதி டோர்ச் பிடித்தாள்.
மூன்றடி வரை கல், பிறகு ஈரம்.
கம்பி தானாகவே உள்ளே போன மாதிரி இருந்தது.

பருப்பைக் கொட்டி, அரிசி கழுவிப் போட்டு,
தடுக்காமல் நுழைந்தன சதுரக் கால்கள்.
சிவப்பு விளக்கு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
மூடியில் ஆவி கட்டும்வரை நின்றாள்.

இப்போது போனால்
அவள் மகன் டில்ஷான்
ரெண்டு கால் சார்ஜர் நுழைவதற்கு
மேல் ஓட்டையில்
பேனா ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறான்.
நீல மூடி. பாதி கடித்தது.